ஒரே ஒரு சொல்லைக் கொண்டு ஓர் அகராதிச் செயலியை அளந்து பார்த்தேன்

ஓர் அகராதியில் எத்தனை இலட்சம் தலைச்சொற்கள் இருக்கின்றன என்பது விளம்பரத்துக்கு உதவும். அகராதியின் தரத்தை அறிய உதவாது. என்னைக் கேட்டால், எளிதாகத் தோன்றி, கையில் எடுத்ததும் வழுக்கிவிடும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதை அந்த அகராதி எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பதே போதும் என்பேன். மேசை, நாற்காலி, மழை போன்ற சொற்களில் எந்த அகராதியும் தவறுவதில்லை. சொல்பவரின் முகச்சுளிப்பையும் சேர்த்துச் சுமந்துவரும் சொற்களில்தான் அகராதியின் சாயம் வெளுக்கிறது. நான் சந்தா கட்டி ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திவரும் ஓர் ஆங்கில–தமிழ் அகராதிச் செயலியை மதிப்பிட நான் எடுத்துக்கொண்ட சொல் ‘சர்மனைஸ்’ (sermonize); சமயப் பிரசங்கத்தைக் குறிக்கும் ‘சர்மன்’ என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லிலிருந்து வந்த வினை. நான் விரும்பி எடுத்துக்கொண்டேன் என்று சொல்வதைவிட, அந்தச் சொல் என்னைக் காலை வாரிவிட்டதால் எடுத்துக்கொள்ள நேர்ந்தது என்று சொல்வதே சரி. செயலியின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இத்தகைய பல செயலிகளுக்கும் பொருந்துபவை.

நடந்தது இதுதான். ஓர் அங்கதக் கட்டுரையை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொண்டிருந்தேன். அதில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கூட்டத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்து, வந்தவுடனே நேரந்தவறாமையின் பெருமையைப் பற்றி ஒரு மணி நேரம் ‘சர்மனைஸ்’ செய்ததாக ஒரு வாக்கியம் வந்தது. சொல்லின் பொதுவான பொருள் எனக்குத் தெரியும். இருந்தாலும் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைக்குமா என்று செயலியைத் திறந்தேன். ‘பிரசங்கம் செய், அருளுரை ஆற்று’ என்று இருந்தது. பிரசங்கத்தைவிட அருளுரை நல்ல தமிழாக இருக்கிறதே என்ற சபலத்தில், ‘நேரந்தவறாமை குறித்து அவர் ஒரு மணி நேரம் அருளுரை ஆற்றினார்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்து, “என்ன சார், இது கிண்டல் கட்டுரை என்றல்லவா சொன்னீர்கள்? பாராட்டு விழாச் செய்தி மாதிரி இருக்கிறதே?” என்று கேட்டார். முழுப் பழியையும் செயலியின் மேல் போட முடியாது; சுற்றியிருந்த வாக்கியங்கள் எல்லாம் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் கைகட்டி நிற்க வைத்தது என் பிழைதான். ஆனாலும் மொழிபெயர்ப்பவன் தடுமாறும் அந்தக் கணத்தில் கைகொடுக்கத்தானே அகராதி இருக்கிறது?

அந்தச் சொல்லின் பதிவில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். தலைச்சொல், உச்சரிப்பு, ‘வினைச்சொல்’ என்ற குறிப்பு, மேலே சொன்ன இரண்டு தமிழ்ப்பொருள்கள், சொற்பிறப்பு பற்றிய மூன்று வரிகள், ஒரே வரிசையில் ஐந்து ஒருபொருட்சொற்கள், இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்கள், கீழே ஒரு சிறு வினாடிவினா. பார்வைக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: இந்தச் சொல்லை யார், யாரைப் பற்றி, எந்த மனநிலையில் சொல்வார்கள் என்ற குறிப்பு.

இந்தச் சொல்லுக்கு உயிர் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. ‘சர்மனைஸ்’ என்பதற்கு, சமயச் சொற்பொழிவைத் தயாரித்தல் அல்லது நிகழ்த்துதல் என்ற நேர்ப்பொருள் உண்டு. பழைய எழுத்துகளில் அது எந்தக் கசப்பும் இல்லாமல் வழங்கியும் இருக்கிறது. ஆனால் இன்றைய அன்றாட ஆங்கிலத்தில் அந்த நேர்ப்பொருளில் அதைக் காண்பது அரிது. தேவாலயத்தில் குருவானவர் பேசுவதைக் குறிப்பிட வேண்டுமென்றால் ‘ப்ரீச்’ என்பார்கள், அல்லது ‘சர்மன் கொடுத்தார்’ என்பார்கள். ‘சர்மனைஸ்’ என்ற வினை பெரும்பாலும் தேவாலயத்துக்கு வெளியே, சர்மன் கேட்க யாரும் வந்து உட்காராத இடத்தில், ஒருவர் கேட்காமலே நீட்டி முழக்கி நல்லொழுக்கம் போதிப்பதைக் குறிக்கிறது. அதையும் போதிப்பவர் சொல்வதில்லை. கேட்டுச் சலித்தவர்தான் சொல்கிறார். போதிப்பவரைக் கேட்டால், ‘நாலு நல்ல வார்த்தை சொன்னேன்’ என்பார். அதே நாலு வார்த்தைக்குக் கேட்டவர் வைத்த பெயர் ‘சர்மனைசிங்’. ஆகவே ஒரு செயலைவிட, அந்தச் செயலைப் பற்றிய தீர்ப்பையே இந்தச் சொல் அதிகமாகச் சுமக்கிறது. தன்னைப் பற்றி ஒருவர் இதைச் சொல்லும் இடம் ஏறத்தாழ ஒன்றுதான்: ‘சர்மனைஸ் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஆனால்…’ என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் இடம். அந்த ‘ஆனால்’ வந்துவிட்டால், பின்னாலேயே சர்மனும் வந்துவிடும் என்பது கேட்பவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒலியும் எழுத்தும் குறித்து நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அழுத்தம் முதல் அசையில் விழுகிறது என்பதையும், இறுதி ஒலி வண்டின் ரீங்காரம் போல அதிரும் ஒலி என்பதையும் செயலியின் ஒலிப்பதிவு தெளிவாகக் காட்டுகிறது. தமிழ் எழுத்தில் எழுதிக் காட்ட முடியாத ஒலி என்பதால் இந்த வசதிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வினாடிவினாவில், இறுதியில் ‘எஸ்’ இட்டு எழுதினால் பிழை என்று சிவப்புக் குறி போடுகிறது. அமெரிக்கர்கள் ‘இசட்’ இடுவார்கள்; பிரிட்டனில் ‘எஸ்’ பரவலாக வழங்குகிறது; அங்கேயும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் மரபு ‘இசட்’ பக்கம் நிற்கிறது. இரண்டும் சரி என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

சொற்பிறப்புப் பகுதி இந்தப் பதிவின் நல்ல பகுதி. அதை மனமாரப் பாராட்ட வேண்டும். ‘சர்மன்’ என்பது லத்தீன் மொழியின் ‘சர்மோ’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்றும், லத்தீனில் அதற்குப் பேச்சு, உரையாடல் என்றே பொருள் என்றும் செயலி சொல்கிறது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கவிஞர் ஹோரஸ், தம் அங்கதக் கவிதைகளுக்கு ‘சர்மோனிஸ்’, அதாவது ‘பேச்சுகள்’ என்றே பெயர் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டால் சொல்லின் விதி இன்னும் துலங்கும். நண்பர்களோடு உட்கார்ந்து பேசுவது போன்ற நடையில் எழுதப்பட்டவை என்பதால்தான் அந்தப் பெயர். பின்னர் கிறித்தவ சமயத்தில் சபையோருக்கு ஆற்றும் உரைக்கு அந்தச் சொல் உரியதாயிற்று; ஏறத்தாழ 1200ஆம் ஆண்டுவாக்கில் ஆங்கிலத்தில் புகுந்தது; ‘சர்மனைஸ்’ என்ற வினை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றியது. இதே பொருளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு சொல்லான ‘ஹோமிலி’யின் கதையும் இப்படித்தான்: அதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் கூடிப் பேசுதல், உரையாடுதல் என்பதே பொருள். இருவர் பேசிக்கொள்வதைக் குறித்த இரண்டு சொற்கள், காலப்போக்கில் ஒருவர் மட்டும் பேசுவதைக் குறிக்கலாயின. எதிரில் இருப்பவருக்கு வாய் திறக்க முறை கிடைக்காமல் போன இந்த மாற்றத்திலேயே பிற்கால எரிச்சலுக்கான வித்து இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று வரியில் இவ்வளவு யோசிக்க வைத்த செயலி, அந்த யோசனையைப் பொருள்விளக்கத்துக்குக் கொண்டுபோகாமல் பாதியில் நிறுத்திவிட்டது.

பெரிய ஏமாற்றம் ஒருபொருட்சொற்களின் வரிசைதான். ‘ப்ரீச், லெக்சர், மாரலைஸ், பான்டிஃபிகேட், ஹரேங்’ என்று ஐந்து சொற்களை, ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்ற தோரணையில் அடுக்கியிருக்கிறார்கள். ஐந்தும் ஒரே தெருவில் வசிப்பவைதான். ஆனால் ஒரே வீட்டில் வசிப்பவை அல்ல.

‘ப்ரீச்’ இவற்றில் மூத்தது, பேச்சில் மிகுதியாக வழங்குவது. வெளிப்படையாக அறிவித்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. (அதே வினையிலிருந்துதான் இக்கட்டைக் குறிக்கும் ‘பிரிடிக்கமென்ட்’ என்ற சொல்லும் சுற்றிவளைத்து வந்து சேர்ந்திருக்கிறது என்பது, நீண்ட பிரசங்கத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆறுதல் அளிக்கக்கூடும்.) இதன் நயம் முன்னிடைச்சொல்லில் இருக்கிறது. ‘ப்ரீச் டு’ என்றால் ஒரு சபைக்குப் பிரசங்கம் செய்தல். அதில் குறை ஏதுமில்லை. ‘ப்ரீச் அட்’ என்றால் ஒருவரைக் குறிபார்த்து அவர் மேல் உபதேசத்தை எறிதல். கல்லை ஒருவரிடம் கொடுப்பதற்கும் அவர் மேல் வீசுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலம் ஒரு சிறு இடைச்சொல்லை மாற்றிக் காட்டிவிடுகிறது. நாம் வேற்றுமை உருபுகளில் பழகியவர்கள். இதைச் சொல்லிக்கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்வோம். செயலியில் இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘ப்ரீச்’ என்பதிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்த ‘ப்ரீச்சி’ என்ற பெயரடையும் இதில் இல்லை. இன்று கதை, நாடகம், திரைப்படம் ஆகியவற்றைப் பற்றி எழுதும் ஆங்கில விமர்சகர்கள் ஓயாமல் கையாளும் சொல் அது. ‘கருத்து சொல்கிறேன் பேர்வழி என்று கழுத்தை அறுக்கிறது’ என்று நாம் சொல்வதை அவர்கள் அந்த ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

‘லெக்சர்’ என்பதற்கு மூலப்பொருள் வாசித்தல். கல்லூரி விரிவுரை என்ற பொருளும் உண்டு. ஆனால் ஒருவரை ‘லெக்சர்’ செய்தார் என்றால், அந்த ஒருவர் ஏதோ தவறு செய்து மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வீட்டுக்குப் பிந்தி வந்த மகனுக்கும், கணக்கு ஒப்படைக்கத் தவறிய ஊழியருக்கும் கிடைப்பது அது. ‘சர்மனைஸ்’ செய்பவருக்கோ எதிரில் இருப்பவர் தவறு செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. காது இருந்தால் போதும். ‘மாரலைஸ்’ என்பதில் நீளம் முக்கியமில்லை. எதையும் ஒழுக்கத் தராசில் வைத்து நிறுத்து, மற்றவரைத் தாழ்ந்த தட்டில் காட்டுவதே அதன் குணம். ஒரே வாக்கியத்தில் ‘மாரலைஸ்’ செய்துவிடலாம். ஒரே வாக்கியத்தில் ‘சர்மனைஸ்’ செய்வது கடினம். ‘பான்டிஃபிகேட்’ வேறு வகை. பண்டை ரோமின் சமயத் தலைவர்களைக் குறித்து, பின்னர் ஆயர்களையும் திருத்தந்தையையும் குறித்த ‘பான்டிஃபெக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்த அதற்கு, தன் சொல்லுக்கு மேல்முறையீடே இல்லை என்ற மிடுக்கோடு பேசுதல் என்று பொருள். அதற்கு ஒழுக்கம்தான் பேசுபொருளாக இருக்க வேண்டும் என்பதில்லை. பந்தாட்டம், பங்குச்சந்தை, இலக்கணம் என்று எதைப் பற்றியும் ‘பான்டிஃபிகேட்’ செய்யலாம். ‘ஹரேங்’ சத்தமும் சினமும் கலந்தது. கூட்டத்தை நோக்கி முழங்குவது. சர்மனைஸ் செய்பவர் குரலை உயர்த்துவதே இல்லை என்பதும், அந்தச் சாந்தம்தான் கேட்பவரைக் கூடுதலாகப் படுத்துகிறது என்பதும் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு விடுபடல் விபரீதமானது. ‘ப்ரீச்!’ என்று ஒற்றைச் சொல்லாக, வியப்புக்குறியோடு வந்தால் அதன் பொருள் தலைகீழாகிவிடும். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலய வழிபாட்டில், போதகர் பேசப் பேசச் சபையோர் இடையிடையே குரல் கொடுத்து ஆமோதிக்கும் மரபிலிருந்து வந்த வழக்கு அது. இன்று சமயத்துக்கு வெளியிலும் ‘சரியாகச் சொன்னாய், இன்னும் சொல்’ என்ற உற்சாகமான ஒப்புதலாக அது வழங்குகிறது. ‘டோன்ட் ப்ரீச்’ என்பது வாயை மூடு என்பதன் மரியாதையான வடிவம், ‘ப்ரீச்!’ என்பது வாயை மூடாதே என்ற வேண்டுகோள். ஒரு மாணவர் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு ஆங்கிலம் பேசுபவர்கள் நடுவே போய் நின்றால், தன்னைப் பாராட்டுகிறார்களா, திட்டுகிறார்களா என்பதே அவருக்குப் புரியாது. மரபுத்தொடர்களிலும் செயலி இதே அவசரத்தைத்தான் காட்டுகிறது. ‘ப்ரீச்சிங் டு த கொயர்’ என்பதை ‘பாடகர் குழுவுக்குப் பிரசங்கம் செய்தல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து நிறுத்திவிட்டது. போதகருக்குப் பின்னால் நின்று பாடுபவர்கள் ஏற்கெனவே நம்பிக்கையுள்ளவர்கள். அவர்களை நம்ப வைக்கப் பாடுபடுவது வீண் வேலை என்பதுதான் அதன் பொருள். ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்று நாம் சொல்வது இதற்கு நெருங்கி வருகிறது. முற்றிலும் பொருந்தாவிட்டாலும், பாடகர் குழுவைவிட அது தமிழ் வாசகருக்கு எவ்வளவோ மேல்.

தமிழ்ப்பொருள் என்ற இடத்துக்கு வருகிறேன். என் மனக்குறை முழுவதும் இங்கேதான். பிரசங்கம், உபதேசம், போதனை, அருளுரை, மறையுரை, அறிவுரை, புத்திமதி என்று இந்த வட்டாரத்தில் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இவை ஒரே எடை கொண்டவை அல்ல. மறையுரை கத்தோலிக்கத் திருப்பலிக்கு உரியது, அருளுரை மதிப்பு நிறைந்தது, அறிவுரை நடுநிலையானது. கேலி ஏறக்கூடியவை பிரசங்கமும் உபதேசமும்தான். ‘ஊருக்குத்தான் உபதேசம்’ என்று சொல்லிச் சொல்லி உபதேசத்தின் மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகப் படலத்தைப் படியவிட்டிருக்கிறோம். ‘உபதேசம் செய்யாதே’ என்று ஒருவர் சொன்னால், அங்கே வேதமோ குருவோ யார் நினைவுக்கும் வருவதில்லை. எரிச்சல் மட்டுமே கேட்கிறது. அதனால் ‘சர்மனைஸ்’ என்பதற்கு முதல் பொருளாக வைக்க வேண்டிய சொல் உபதேசமே அன்றி அருளுரை அன்று.

பிரசங்கம் சென்ற வழி இன்னும் சுவையானது. அதிலிருந்து ‘அதிகப்பிரசங்கி’ என்ற சொல்லை நாம் உருவாக்கிக்கொண்டோம். உயர்ந்த பேச்சைக் குறித்த சொல் வசையாக இறங்கியது என்ற அளவில் இதுவும் ‘சர்மனைஸ்’ என்பதன் கதையைப் போன்றதே. எனவே ‘சர்மனைசர்’ என்பதற்கு ‘அதிகப்பிரசங்கி’ என்று போட்டுவிடலாமே என்று ஆசை எழும். செயலியும் அந்த ஆசைக்கு இரையாகி அப்படியே போட்டிருக்கிறது. திசை தவறு. அதிகப்பிரசங்கி கீழே இருந்துகொண்டு மேலே பேசுபவன். வயதுக்கும் இடத்துக்கும் மீறி வாய் கொடுப்பவன். பெரியவர்கள் சிறியவர்களைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. சர்மனைசரோ மேலே ஏறி நின்றுகொண்டு கீழே பேசுபவர். பத்து வயதுச் சிறுவன் அதிகப்பிரசங்கி ஆகலாம். அவன் சர்மனைசர் ஆவதற்கு இன்னும் நெடுநாள் ஆகும். ஒலியும் வரலாறும் ஒத்திருப்பதால் பொருளும் ஒத்திருக்கும் என்று நம்புவது மொழிபெயர்ப்பாளர்களின் பழைய நோய். எனக்கும் அது உண்டு.

சொல்லுக்குச் சொல் தேடுவதை விட்டுவிட்டு, தமிழ் இந்த எரிச்சலை எங்கே வைத்துக்கொள்கிறது என்று பார்த்தால் விடை எளிதாகக் கிடைக்கிறது. பேசுபவரின் சலிப்பையும் வெறுப்பையும் நாம் துணைவினையில் வைக்கிறோம். ‘பேசினான்’ என்பது செய்தி. ‘பேசித் தொலைத்தான்’ என்பது கேட்டவரின் தலைவலி. ‘பேசித் தள்ளினான்’ என்பதில் அளவு மீறியதன் மூச்சுத்திணறல் தெரிகிறது. ‘பேச ஆரம்பித்துவிட்டான்’ என்ற தொடரில், இனி இது நிற்காது என்ற முன்னறிவு இருக்கிறது. ஆங்கிலம் பெயர்ச்சொல்லோடு ஒரு விகுதியைச் சேர்த்துச் செய்த வேலையைத் தமிழ் ஒரு துணைவினையைச் சேர்த்துச் செய்துவிடுகிறது. ஆகவே ‘சர்மனைஸ்’ என்பதற்கு என் பரிந்துரை ‘உபதேசித்துத் தள்ளு’ என்பதே. இடத்துக்கு ஏற்ப ‘உபதேச மூட்டையை அவிழ்’ என்றும் எழுதலாம். என் கட்டுரையில் அந்த அதிகாரி இறுதியில், ‘தாமதமாக வந்து சேர்ந்ததுமே நேரந்தவறாமையைப் பற்றி ஒரு மணி நேரம் உபதேசித்துத் தள்ளிவிட்டார்’ என்ற வடிவத்தில்தான் அச்சேறினார். பதிப்பாசிரியரிடமிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை.

இத்தகைய குறிப்புகளைத் தருவது செயற்கரிய செயல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1987இல் வெளிவந்த காலின்ஸ் கோபில்டு அகராதி, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜான் சின்க்ளேர் தலைமையில், பொருளை முழு வாக்கியமாகவே சொல்லும் முறையைக் கொண்டுவந்தது: ஒருவரைப் பற்றி நீங்கள் இப்படிச் சொன்னால் நீங்கள் இன்னதைக் கருதுகிறீர்கள் என்ற பாணியில். சொல்பவரும் சொல்லப்படுபவரும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுவதால், ‘சர்மனைஸ்’ போன்ற சொற்களுக்கு அதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஆங்கிலம் கற்பவர்களுக்கான மற்ற பெரிய அகராதிகளும் இத்தகைய சொற்களின் அருகே, மறுப்புத் தொனியில் வருவது என்று அடையாளமிடுகின்றன. தமிழிலும் வழி இருக்கிறது. 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பேச்சு வழக்கு, உயர் வழக்கு என்றெல்லாம் குறியிட்டே சொற்களைத் தந்தது. கைப்பேசித் திரையில் இடத்துக்குப் பஞ்சமில்லாத இன்றைய செயலி, அச்சுத்தாளில் இடத்தை எண்ணி எண்ணிச் செலவிட்டவர்கள் கொடுத்ததைக் கொடுக்காமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இரண்டும் உயிரற்றவை. ‘போதகர் மக்களுக்குச் சர்மனைஸ் செய்தார்’ என்ற முதல் வாக்கியத்தை, ஆங்கிலம் அறிந்த போதகர் ஒருவர் படித்தால் சற்று வருந்துவார். இரண்டாவது, ‘அவன் எப்போதும் சர்மனைஸ் செய்கிறான்’ என்பது. எதைப் பற்றி என்றோ யாரிடம் என்றோ இல்லை. இந்த வினை செயப்படுபொருள் இல்லாமல், ‘அபவுட்’ அல்லது ‘ஆன்’ என்ற இடைச்சொல்லோடு வருவதே பெருவழக்கு என்பதையும், பேச்சில் இதைவிட ‘ஸ்பேர் மி த சர்மன்’ (உன் உபதேசத்தை என்னிடம் வேண்டாம்) போன்ற பெயர்ச்சொல் வடிவமே அதிகம் காதில் விழும் என்பதையும் இரண்டு நல்ல வாக்கியங்களில் காட்டியிருக்கலாம்.

செயலியின் மற்ற வசதிகளில் தேடல் வேகமானது. இணையம் இல்லாமலும் இயங்குகிறது. எழுத்துரு கண்ணை உறுத்தவில்லை. பொதுப்பயன் சொற்களுக்கும், அறிவியல் கலைச்சொற்களுக்கும் நான் இதை இன்றும் நம்பித் திறக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு நாள் திறக்காமல் விட்டால் மறுநாள் காலை, ‘கற்பதை நாளைக்கு என்று தள்ளிப்போடுபவர் வாழ்வில் உயர்வதில்லை’ என்று ஓர் அறிவிப்பு வருகிறது. இரண்டு நாள் விட்டால் விடாமுயற்சியைப் பற்றி இன்னும் நீளமாக ஒன்று வருகிறது. ‘சர்மனைஸ்’ என்பதன் பொருளை அகராதிப் பகுதியில் தேடியவனுக்கு, அது அறிவிப்புப் பகுதியில் நாள்தோறும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்திவைக்க முடிகிறது என்பதற்காக அரை நட்சத்திரம் கூட்டிக்கொள்கிறேன்.

மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரை. ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ள மட்டும் விரும்புபவருக்கு இது போதுமானது. எழுதுபவரும் மொழிபெயர்ப்பவரும் இதைத் திறந்துவிட்டு, ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்னவற்றில் முக்கியமானவற்றைத் தொகுத்துச் செயலியின் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தேன். மூன்று வாரம் கழித்து வந்த புதிய பதிப்பில் மாற்றம் தெரிந்தது. ‘சர்மனைஸ்’ என்பதில் அருளுரை நீங்கி ‘உபதேசம் செய்’ வந்திருந்தது. அடைப்புக்குறிக்குள் ‘இகழ்ச்சி’ என்று குறியும் இட்டிருந்தார்கள். மகிழ்ச்சியோடு ‘சர்மன்’ என்ற பெயர்ச்சொல்லையும் திறந்தேன். ‘மறையுரை, மலைப்பொழிவு போன்ற சமயச் சொற்பொழிவு’ என்று சரியாகப் பொருள் எழுதியிருந்தார்கள். அங்கேயும் முன்னால் அதே ‘இகழ்ச்சி’யை ஒட்டிவைத்திருந்தார்கள். இன்று காலை மறுபடியும் எழுதி அனுப்பியிருக்கிறேன், இந்த முறை சுருக்கமாக.